ஆறு முதல் பன்னிரண்டு வரை

தருமபுரி மாவட்டம் காரிமங்கலத்தில் எனக்கு ஒரு சின்ன ஜெராக்ஸ் கடை இருக்கிறது. இ-சேவையும் உண்டு. செவ்வாய்க்கிழமை சந்தை நாள். மாடு விற்க வந்தவர்கள் விற்ற கையோடு வருமானச் சான்றுக்கும் சாதிச் சான்றுக்கும் வந்து நிற்பார்கள். சர்வரும் அன்றைக்கென்று பார்த்துப் படுத்துக்கொள்ளும். மே, ஜூன் வந்துவிட்டால் கடை முழுக்கப் பள்ளிக்கூடம்தான்: டி.சி., மார்க் ஷீட், ஆதார், பாஸ்போர்ட் சைஸ் போட்டோ. யார் வீட்டுப் பிள்ளை எந்தப் பள்ளியை விட்டு எந்தப் பள்ளிக்குப் போகிறது என்பது அந்தப் பிள்ளையின் தாத்தாவுக்குத் தெரிவதற்கு முன்னால் எனக்குத் தெரிந்துவிடும்.

பதிமூன்று வருடமாக மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து ஊருக்கே யோசனை சொல்லிக்கொண்டிருந்தேன். போன வருடம் என் மகள் எட்டாம் வகுப்பு. நாங்கள் குடியிருக்கும் கிராமத்தில் இருப்பது ஒன்றிய நடுநிலைப் பள்ளி, எட்டோடு சரி. ஒன்பதுக்கு எங்கேயாவது போயே ஆகவேண்டும். அதுவரை வாயில் வந்த யோசனை எல்லாம் அன்றைக்கு எங்கே போனதென்றே தெரியவில்லை.

முதலில் ஓர் அட்டவணையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். சில வருடங்களுக்கு முன் மொரப்பூர் பக்கமிருந்து ஒருவர் மகளைக் கூட்டிக்கொண்டு வந்தார். பெண் நீட் எழுதி ஓரளவு நல்ல மார்க் வாங்கியிருந்தாள். அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டில் விண்ணப்பிக்க வேண்டும். அதற்கான சான்றிதழில் எந்த வகுப்பு, எந்தப் பள்ளி என்று எழுத வேண்டும். ஆறிலிருந்து பன்னிரண்டு வரை, ஏழு கட்டம். அந்தப் பெண் பன்னிரண்டில் ஆரம்பித்துப் பின்னோக்கிச் சொல்லிக்கொண்டு வந்தாள், நான் பென்சிலால் எழுதிக்கொண்டே வந்தேன். எட்டு வரைக்கும் அரசுப் பள்ளி. ஏழுக்கு வந்ததும் ஒரு மெட்ரிக் பள்ளியின் பெயரைச் சொன்னாள். ஆறுக்கும் அதே பெயர்.

"சின்னதுல ரெண்டு வருஷம் மட்டும் இங்கிலீஷ் மீடியத்துல போட்டேங்க. அப்புறம் பீஸு கட்ட முடியல, கவர்மெண்டுக்கே மாத்திட்டேன்" என்றார் அப்பா.

நான் பென்சிலைக் கீழே வைத்தேன். தனியார் பள்ளியில் கல்வி உரிமைச் சட்டத்தின் 25 சதவீத இடத்தில் எட்டு வரை படித்து, ஒன்பதிலிருந்து அரசுப் பள்ளிக்கு வந்தவர்களுக்கு விலக்கு உண்டு. இவர் காசு கட்டிச் சேர்த்தவர். "ரெண்டே வருஷந்தானுங்களே" என்று அவர் இரண்டு மூன்று தடவை சொன்னார். என்னிடம் சொல்லி என்ன ஆகும்? அந்தப் பெண் ஒன்றும் பேசவில்லை, அந்த இரண்டு கட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் ஆறாம் வகுப்பில் சேர்ந்த சமயத்தில் அப்படி ஒரு சட்டமே கிடையாது. 2020இல்தான் வந்தது. நீதிபதி கலையரசன் ஆணையம் 10 சதவீதம் தரலாம் என்று சொல்லி, அது 7.5 ஆனது. மறு வருடம் பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், சட்டம் என்று மற்ற தொழிற்படிப்புகளுக்கும் விரிந்தது. கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் எல்லாம் அரசே கட்டும் என்றும் ஆனது. வராத சட்டத்தை நினைத்து எந்த அப்பன் பள்ளி தேடுவான்? அன்று அவர்களிடம் நான் காசு வாங்கவில்லை.

அதனால், என் மகளுக்கு என்று வந்தபோது முதலில் ஒரு வெள்ளைத்தாளை எடுத்து அந்த ஏழு கட்டத்தைத்தான் போட்டேன். ஆறு, ஏழு, எட்டு நிரம்பியிருந்தன. நான்கு காலி.

தனியாருக்குப் போனால் என்னென்ன கழியும் என்று பக்கத்தில் எழுதினேன். 7.5 போகும். கல்லூரிக்குப் போகும் பெண்களுக்கு மாதம் 1000 ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டம் போகும். அதற்கும் ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியிலோ, அரசு உதவிபெறும் பள்ளியில் தமிழ் வழியிலோ படித்திருந்தால்தான் கணக்கு. 2022இல் அது ஆரம்பித்ததிலிருந்து எத்தனை பெண்களுக்கு நான் கடையில் பதிந்து கொடுத்திருக்கிறேன்! மூன்றாவது, தமிழ் வழி. அரசு வேலையில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கு 20 சதவீத முன்னுரிமை 2010இலிருந்து இருக்கிறது. 2020இல் அதைத் திருத்தி, ஒன்றாம் வகுப்பிலிருந்தே தமிழ் வழியில் படித்திருக்க வேண்டும் என்று இறுக்கிவிட்டார்கள். நடுவில் ஆங்கில வழிக்குத் தாவினால் அதுவும் போச்சு. மார்க்கைப் பார்த்துப் பள்ளி தேடுகிறவர்கள் இந்தக் கழித்தல் கணக்கைப் போடுவதே இல்லை. போட வேண்டிய நேரத்தில் அவர்களுக்குச் சொல்லவும் ஆள் இல்லை. பன்னிரண்டு முடித்த பிறகுதான் கடைக்கு வருகிறார்கள்.

இவ்வளவு தெரிந்தும் தனியார் உறைவிடப் பள்ளியைப் பார்க்கப் போனேனா என்றால், போனேன். என் மச்சான் விடவில்லை. "உம் பொண்ணு படிக்கிற படிப்புக்கு கவர்மெண்டு ஸ்கூல்ல போட்டு வீணாக்காதீங்க மாமா" என்று தினமும் போன். எங்கள் மாவட்டத்துப் பிள்ளைகளை நாமக்கல், ராசிபுரம் என்று கொண்டுபோய் விடுவது இருபது, முப்பது வருடப் பழக்கம். அந்த மாதிரிப் பள்ளிகளுக்குக் கோழிப்பண்ணை என்று ஊரே பெயர் வைத்திருக்கிறது. பெயர் வைத்தவர்களே போய்ச் சேர்த்துவிட்டும் வருகிறார்கள்.

ஞாயிற்றுக்கிழமை 'ஸ்காலர்ஷிப் தேர்வு' என்று வரச்சொன்னார்கள். பைபாஸிலேயே பிளெக்ஸ். பிளஸ் டூவில் 600க்கு 590க்கு மேல் வாங்கியவர்களின் முகங்கள் வரிசையாக. 2017இல் அரசு மாநில முதலிடம், மாவட்ட முதலிடம் அறிவிப்பதை நிறுத்தியது. பிளெக்ஸ் அடிப்பதை யாரும் நிறுத்தவில்லை. மகள் தேர்வு எழுதப் போனாள். நானும் மனைவியும் வளாகத்தைச் சுற்றினோம். விடுதிச் சுவரில் கால அட்டவணை ஒட்டியிருந்தது: காலை 4.45க்கு மணி, 5.15க்குப் படிப்பு, கடைசி வரி இரவு 10. அன்றைக்குப் பெற்றோர் பார்க்கும் நாளும் கூட. ஒரு வேப்பமரத்தடியில் ஒரு குடும்பம் உட்கார்ந்திருந்தது. அந்த அம்மா டிபன் கேரியரைத் திறந்து பையனுக்குப் பிரியாணியைப் பிசைந்து ஊட்டிக்கொண்டிருந்தார். பையனுக்குப் பதினாறு வயது இருக்கும். வாயில் சோறு இருக்கும்போதே கண் செருகியது. அவர் கன்னத்தைத் தட்டினார், மென்றான், மறுபடியும் செருகியது. அப்பா பக்கத்தில் உட்கார்ந்து செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். இல்லை, பார்ப்பது மாதிரி இருந்தார்.

மகளுக்குக் கல்விக் கட்டணத்தில் பாதிச் சலுகை கிடைத்தது. அதாவது 70,000இல் 35,000 கழியும். விடுதிக்குச் சலுகை கிடையாது. எல்லாம் சேர்த்து வருடத்துக்கு 1,30,000 கட்ட வேண்டும். அலுவலக ஆள் கால்குலேட்டரை என் பக்கம் திருப்பிக் காட்டினார். நான் ஒரு கேள்வி கேட்டேன். "சார், நாலு வருஷத்துக்கு முன்ன ஒன்பதாவதுல எத்தனை பேர் சேர்ந்தாங்க, அதுல இந்த வருஷம் எத்தனை பேர் பிளஸ் டூ எழுதினாங்க?"

"எல்லாரும் ஒரே மாதிரி இருக்க மாட்டாங்க சார். சிலர் அவங்களாவே போயிடுவாங்க."

அந்த 'அவங்களாவே' எனக்குத் தெரிந்த சமாச்சாரம். ஒவ்வொரு மே மாதமும் ஒன்பது முடித்த பிள்ளைகளின் டி.சி. என் கடைக்கு ஜெராக்ஸுக்கு வரும். காரணம் என்ற இடத்தில் 'பெற்றோர் விருப்பத்தின் பேரில்' என்று இருக்கும். ஒரு தடவை ஒரு பெரியவர் அந்த வரியைக் காட்டி, "இதுல என்னங்க எழுதியிருக்கு?" என்று என்னையே கேட்டார். பத்தாம் வகுப்பில் தவறிவிடும் என்று தோன்றுகிற பிள்ளையை ஒன்பதிலேயே கழித்துவிட்டால் பத்தில் நூறு சதவீதம் வராமல் எப்படி இருக்கும்? வாசலில் பொறுக்கி எடுத்து, நடுவில் மறுபடி சலித்து, மிச்சத்தை எண்ணினால் வருகிற கணக்கு அது. அதில் பாடம் நடத்தியது எவ்வளவு, சலித்தது எவ்வளவு என்று பிளெக்ஸைப் பார்த்துச் சொல்ல முடியாது. பதினொன்றாம் வகுப்புப் பாடத்தைத் தொடாமலே இரண்டு வருடமும் பன்னிரண்டையே நடத்துகிறார்கள் என்று புகார் எழுந்துதானே 2017-18இல் பிளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வு வைத்தார்கள்.

வரும் வழியில் மனைவி ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னாள். "அந்தப் பையன் தூங்கினானேங்க." மச்சானிடம் பணம் இல்லை என்று சொல்லிவிட்டேன். அது பொய்யும் இல்லை.

மிச்சம் இரண்டு. ஒன்று, டவுனில் இருக்கும் அரசு பெண்கள் மேல்நிலைப்பள்ளி. வீட்டிலிருந்து முக்கால் மணி நேரம் டவுன் பஸ். இன்னொன்று, மாவட்ட அரசு மாதிரிப் பள்ளி. இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிட வேண்டும், கடையில் தினமும் தீர்ப்பதுதான். கல்வியில் பின்தங்கிய ஒன்றியங்களுக்கென்று மத்திய அரசு 2008-09இல் தொடங்கிய திட்டத்திலும் மாதிரிப் பள்ளிகள் வந்தன. அது வேறு. நான் சொல்வது 2021-22இல் தமிழ்நாடு அரசு பத்து மாவட்டங்களில் ஆரம்பித்து, அப்புறம் எல்லா மாவட்டத்துக்கும் கொண்டுபோன உண்டு உறைவிடப் பள்ளி. ஒன்பது முதல் பன்னிரண்டு வரை, அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மட்டும். செலவு அரசுடையது.

ஆந்திராவில் குப்பம் என்ற ஊரில் இருக்கும் என் பெரியம்மா மகள் ஒருநாள் போனில், "நவோதயாவுக்கு எழுத வைக்கலயா?" என்று கேட்டாள். அவள் மகன் அங்கேதான் படித்தான். நவோதயா என்பது மத்திய அரசின் உறைவிடப் பள்ளி. நாட்டில் அது இல்லாத மாநிலம் தமிழ்நாடு ஒன்றுதான்; இரு மொழிக் கொள்கைக்காக வேண்டாம் என்று வைத்தது. எல்லை தாண்டினால் ஆந்திராவிலும் இருக்கிறது, கர்நாடகத்திலும் இருக்கிறது. உடுமலைப் பக்கம் அமராவதிநகர் சைனிக் பள்ளியிலும் 2021-22இலிருந்து பெண் பிள்ளைகளைச் சேர்க்கிறார்கள், ஆனால் நான் விசாரிக்கும்போது ஆறாம் வகுப்பு வயது தாண்டியிருந்தது. ஊருக்கெல்லாம் சொல்கிறவன் வீட்டுக்குச் சொல்ல மறந்தது அந்த ஒன்றுதான் என்று மனைவி இன்னும் குத்திக்காட்டுகிறாள்.

பிப்ரவரியில் பக்கத்து உயர்நிலைப் பள்ளியின் கணினி ஆய்வகத்துக்குக் கூட்டிப்போய் மகளை ஒரு தேர்வு எழுத வைத்திருந்தார்கள். எதற்கென்று அவளுக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது. அதே மாதம்தான் எட்டாம் வகுப்பு உதவித்தொகைத் தேர்வு, என்.எம்.எம்.எஸ்., அது இதென்று ஓடிக்கொண்டிருந்ததால் பத்தோடு பதினொன்று என்று விட்டுவிட்டோம். ஏப்ரலில் தலைமையாசிரியர் கடைக்கே வந்தார். "உம் பொண்ணு பேரு மாதிரிப் பள்ளி லிஸ்டுல வந்திருக்குப்பா. அனுப்புறியா?" என்றார். பிறகு என் ஸ்டூலில் உட்கார்ந்து, "நல்லாப் படிக்கிறதுங்கள எல்லாம் நீங்க அனுப்பிடுங்க. பத்தாவதுல ரிசல்ட் என்னாச்சுன்னு டவுன் ஸ்கூலைக் கேளுங்க" என்று சிரித்தார். கையெழுத்துப் போட வேண்டிய தாளையும் அவரே எடுத்து வந்திருந்தார்.

அவர் விளையாட்டாகச் சொன்னது எனக்குள் தங்கிவிட்டது. தனியார் பள்ளியைப் பொறுக்குகிறது, சலிக்கிறது என்று இத்தனை பேசினேனே, மாதிரிப் பள்ளி மட்டும் என்ன, அதுவும் பொறுக்கித்தானே எடுக்கிறது? நாளைக்கு அங்கிருந்து பிள்ளைகள் ஐ.ஐ.டி.க்குப் போனார்கள் என்று பேப்பரில் வந்தால், அதிலும் எவ்வளவு பொறுக்கியது, எவ்வளவு நடத்தியது? ஒரு வித்தியாசம் உண்டு. இது எங்களைப் போன்ற வீட்டுப் பிள்ளைகளுக்குள்ளேயே எடுப்பது. பணம் அதில் உட்காரவில்லை. ஆனால் எடுத்துப் போன இடத்தில் பள்ளம் விழத்தான் செய்கிறது.

அந்தப் பள்ளம் எப்படி இருக்கும் என்று மகள்தான் காட்டினாள். அவளுக்கு ஒரு சிநேகிதி. அப்பா அம்மா இரண்டு பேரும் பெங்களூரில் கட்டட வேலை, பாட்டியோடு இருக்கிற பெண். சாயங்காலம் எங்கள் திண்ணையில்தான் இரண்டும் படிக்கும். இயற்கணிதம் அந்தப் பெண்ணுக்கு ஏறாது. என் மகள் புளியங்கொட்டையை வைத்துச் சொல்லிக் கொடுப்பாள், எக்ஸ் என்றால் மூடிய கை, உள்ளே எத்தனை கொட்டை என்று கண்டுபிடி என்று. ஒருநாள் ராத்திரி கேட்டாள். "அப்பா, அங்க எல்லாருமே நல்லாப் படிக்கிறவங்களா இருப்பாங்கல்ல? அப்ப யாரு யாருக்குச் சொல்லிக் குடுப்பாங்க?"

எனக்குப் பதில் தெரியவில்லை. தூங்கு என்றேன்.

வீட்டில் பெரிய எதிர்ப்பு என் அம்மாவிடமிருந்து. "வயசுக்கு வந்து எட்டு மாசம் ஆகல. பொட்டப்புள்ளைய ராத்திரி வேற எடத்துல படுக்க வெப்பாங்களாடா?" அம்மா மழைக்குக்கூடப் பள்ளிக்கூடத்தில் ஒதுங்காதவர். 2011 கணக்கெடுப்பில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் தமிழ்நாட்டில் 80 சதவீதம், எங்கள் தருமபுரியில் 68.5. மாநிலத்திலேயே கடைசி. அந்தக் குறைவில் என் அம்மாவும் ஒரு ஆள். பெண் குழந்தை வேண்டாம் என்றவர்களுக்காக 1992இல் சேலத்தில் ஆரம்பித்த தொட்டில் குழந்தைத் திட்டம் 2001இல் எங்கள் மாவட்டத்துக்கும் வந்ததென்றால் எந்த மாதிரி ஊரில் பெண்ணை வளர்க்கிறோம் என்று பார்த்துக்கொள்ளுங்கள். அம்மா பேச்சோடு பேச்சாக, தன் அண்ணன் பேரன் ஓசூரில் கம்பெனி வேலையில் நன்றாக இருக்கிறான் என்றும் ஒரு வார்த்தை போட்டு வைத்தார். பதிமூன்று வயதுப் பெண்ணின் பள்ளிக்கூடத்தைப் பற்றிப் பேசும்போது அந்த வார்த்தை எதற்கு? நான் கேட்கவில்லை. மனைவிக்குப் புரிந்துவிட்டது. அவள் பென்னாகரம் பக்கத்துப் பெண். பிளஸ் டூவில் 1200க்கு 903 வாங்கியவள். அந்த மார்க் ஷீட்டை லேமினேஷன் போட்டு இன்னும் பீரோவில் வைத்திருக்கிறாள். அதுவரை ஹாஸ்டல் வேண்டாம் என்று அம்மா பக்கம் நின்றுகொண்டிருந்தவள், அன்று ராத்திரி கட்சி மாறினாள். "போய்ப் பாத்துட்டு வரலாங்க" என்றாள்.

போனோம். எனக்கு வகுப்பறை, ஆய்வகம், கணக்கு வாத்தியார் என்று கேட்க ஒரு பட்டியல் இருந்தது. மனைவி அந்தப் பக்கமே வரவில்லை. பெண்கள் விடுதிக்குள் போய்விட்டாள். நானும் வார்டன் அம்மாவும் வராந்தாவில் நின்றோம். உள்ளேயிருந்து டக், டக் என்று சத்தம் வந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு குளியலறையாகப் போய்க் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். கழிவறைக் கதவையும் அப்படியே. ஒன்றுவிடவில்லை. வெளியே வந்து, ராத்திரி வயிற்று வலி வந்தால் யாரை எழுப்ப வேண்டும், நாப்கின் எங்கே போட வேண்டும், வீட்டுக்கு எந்தக் கிழமை பேசலாம் என்று மூன்று கேள்வி கேட்டாள். வார்டன் அம்மா மூன்றுக்கும் யோசிக்காமல் பதில் சொன்னார். என் பட்டியலை நான் சட்டைப்பையிலேயே வைத்துக்கொண்டேன். பள்ளி பார்க்கப் போகிற அப்பன்மார் யாராவது இதைப் படித்தால், தயவுசெய்து வீட்டுக்காரம்மாவையும் கூட்டிப் போங்கள்.

பெண்கள் மேல்நிலைப்பள்ளியில் குறை ஒன்றும் இல்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். அங்கே படித்து நர்சிங்கும் இன்ஜினியரிங்கும் போனவர்களின் சான்றிதழை நானே ஜெராக்ஸ் எடுத்திருக்கிறேன். ஏழு கட்டமும் அங்கேயும் நிரம்பும். சாயங்காலம் 4.40 பஸ்ஸை விட்டால் 6.15 என்பதும், அந்த ஒன்றரை மணி நேரம் பஸ் ஸ்டாண்டில் நிற்க வேண்டும் என்பதும்தான் தராசை மாதிரிப் பள்ளிப் பக்கம் இறக்கியது. மாதிரிப் பள்ளி இல்லாதிருந்தால் சந்தோஷமாக அங்கேயே சேர்த்திருப்பேன்.

கடைசியில் மகளிடம் கேட்டோம். ரொம்ப நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "போறேன். ஆனா பிடிக்கலன்னா திரும்பி வருவேன், அப்ப ஏன்னு கேக்கக் கூடாது" என்றாள். சரி என்றேன். எழுதிக் கொடுக்கச் சொன்னாள். கடை லெட்டர்பேடில் எழுதி, சீல் வைத்துக் கொடுத்தேன்.

ஜூனில் டிரங்குப் பெட்டி வாங்கினோம். பூட்டுக்கு இரண்டு சாவி. ஒன்றைத் தன் கழுத்துக் கயிற்றில் கோத்துக்கொண்டு, இன்னொன்றை அம்மாவிடம் கொடுக்காமல் சிநேகிதியிடம் கொடுத்தாள். நாற்பது கிலோமீட்டர் தள்ளி இருக்கிற பெட்டிக்கு இங்கே சாவி எதற்கு என்று நான் கேட்கவில்லை. லெட்டர்பேடில் எழுதிக் கொடுத்தது அதற்கும் சேர்த்துதானோ என்னவோ. அந்தப் பெண் இப்போது டவுன் பள்ளிக்குப் போகிறாள். சில நாள் 4.40 பஸ்ஸை விட்டுவிட்டு கடைக்கு வந்து ஸ்டூலில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவாள். இயற்கணிதத்தில் எனக்கும் ஒன்றும் தெரியாது. கல்லாவில் இருக்கும் சில்லறையை எடுத்துக் கையில் மூடிக்கொண்டு இரண்டு பேரும் முழிப்போம்.

முதல் மூன்று ஞாயிறு போனில் அழுகை மட்டும்தான். களி வேண்டும், தம்பி வேண்டும், வீட்டு நாய்கூட வேண்டும். நான்காவது ஞாயிறு குரல் வேறு மாதிரி இருந்தது. முதல் கணக்குத் தேர்வில் 25க்கு 11 என்றாள். எட்டாம் வகுப்பு வரை 24க்குக் கீழே வாங்காத பிள்ளை. மனைவி என் கையிலிருந்து போனைப் பிடுங்கி, "பரவால்ல சாமி, சாப்டியா?" என்றாள்.

"சாப்ட்டேன்மா. பெட்டு பக்கத்துல ஒரு அக்கா மாதிரி ஒருத்தி இருக்கா, சித்தேரி மலையில இருந்து வந்திருக்கா. அவதான் தினமும் ராத்திரி எனக்குக் கணக்கு சொல்லித் தர்றா. நான்தான் கேட்டேன்."

பின்னாலிருந்து யாரோ ஒரு பெண் "நேரம் ஆச்சு, நேரம் ஆச்சு" என்று கத்தினாள். அடுத்து பேச வேண்டியவளாக இருக்கும். மகள் அவசர அவசரமாக, "அப்பா, புளியங்கொட்ட கொஞ்சம் குடுத்து விடு. இங்க கிடைக்காது" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.